பச்சைத் தண்ணீரில் போகும் கறை

மார்ச் 2, ஞாயிறு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானேதான், என் கையாலேயேதான். எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே என்று கோபித்துக்கொள்ளாதே. சில எழுத்துகள் கோட்டுக்கு மேலே ஏறிக்கொள்கின்றன, சில கீழே விழுந்துவிடுகின்றன. பேனாவை நான் சுரண்டுகத்தி மாதிரி பிடிக்கிறேனாம். அழுத்தியதில் இந்தத் தாளும் ஒரு மூலையில் கிழிந்துவிட்டது. ஒட்டியிருக்கிறேன்.

நூலகத்தின் கீழ்த்தளத்தில் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு நடக்கிறது. குளிர்காலம் முழுக்கப் போனேன். உன்னிடம் சொல்லவில்லை, ஒரேயடியாக அசத்தலாம் என்றுதான். டீச்சர் உன்னைவிடச் சின்னப் பெண். முதல் நாளே, "தாத்தா, எழுத்தைக் கொல்லாதீங்க" என்றாள். "நான் கொல்றவன் இல்லம்மா, கொன்னதுக்கு அப்புறம் வர்றவன்" என்றேன். வகுப்பே சிரித்தது. கொலை நடந்த வீடுகளைக் கழுவித் துடைப்பதுதான் என் வேலை என்று விளக்கிச் சொன்ன பிறகு பக்கத்தில் இருந்தவர் எழுந்து அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார்.

நானாகப் படித்த முதல் சொல் எது தெரியுமா? "ஆபத்து." நாங்கள் அழுக்கை அள்ளிப் போடும் மஞ்சள் பையில் அச்சடித்திருக்கிறது. இத்தனை வருஷம் அதைத் தோளில் சுமந்து மாடி இறங்கியிருக்கிறேன், ஒரு நாள்கூட அது என்னிடம் பேசியதில்லை. இப்போது பேசுகிறது! வண்டியில் உட்கார்ந்து எல்லாப் பையையும் சத்தமாகப் படித்தேன். எங்கள் மேஸ்திரி மொட்டை, "பெரியவரே, எல்லாப் பையிலயும் அதேதான் போட்டிருக்கு, போதும்" என்றான். எனக்குப் போதவில்லை.

இனிமேல் உன் கடிதத்தை மாப்பிள்ளையின் அண்ணன் வந்து படித்துக்காட்ட வேண்டியதில்லை. பாவம், தெருவே 'கண்ணாடி' என்று கூப்பிடும் அவர், எதிர்வீட்டிலிருந்து வந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, உன் கடிதத்தை எனக்குப் படித்து, நான் சொல்வதை எழுதியும் அனுப்பினார். நல்ல மனுஷன். ஆனால் நானே படிப்பது போல் ஆகுமா? இதை உன் தையல் பட்டறை முகவரிக்கு அனுப்புகிறேன். உன் வீட்டு முகவரி நீளம், அதை எழுதி முடிப்பதற்குள் உறை நிறைந்துவிடுகிறது.

இந்த வாரம் போன வீட்டைச் சொல்கிறேன். மூன்றாம் மாடி. புருஷன்காரன் சுத்தியலால் பெண்டாட்டியை அடித்துக் கொன்றுவிட்டான். சுத்தியலை ஓங்கும்போதெல்லாம் ரத்தம் பின்னால் தெறித்து, விட்டத்தில் விசிறி விசிறியாகக் கோடு போட்டிருந்தது. விளக்கு மூடிக்குள்கூட. சோபாவைத் தூக்கினால் கீழே ஒரு பல். புதிதாகச் சேர்ந்தவன் வாளியில் சுடுதண்ணீர் கொண்டுவந்தான், நான் போட்ட கூச்சலில் கீழ்வீட்டு நாய் குரைத்தது. சுடுதண்ணீர் பட்டால் ரத்தம் வெந்து ஒட்டிக்கொள்ளும், முதலில் பச்சைத் தண்ணீர்தான். உனக்குத்தான் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறேனே.

அந்த வீட்டில் ஒரு விசித்திரம். சுவரில் படங்களை இடுப்பு உயரத்தில் மாட்டியிருந்தார்கள். உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். கழற்றினால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு ஓட்டை. பலகை அடித்த சுவர் உள்வாங்கி, தலை அளவுக்கு, முட்டி அளவுக்கு. குளியலறைத் தாழ்ப்பாளும் பிடுங்கிப் பிடுங்கி மறுபடி திருகிய தாழ்ப்பாள். மொட்டை பார்த்துவிட்டு, "கொலை நேத்து நடந்தது பெரியவரே. ஒத்திகை ரொம்ப நாளா நடந்திருக்கு" என்றான்.

கை வலிக்கிறது. ஆனால் நிறுத்த மனமில்லை. பதில் போடு, நானே படிப்பேன்.

அப்பா


மார்ச் 7, வெள்ளி

அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் நலம். அவருக்கு வேலை நன்றாகப் போகிறது. அத்தைக்கு மட்டும் மூட்டுவலி.

ஒன்று கேட்க வேண்டும். இதை நீங்களே எழுதியதாகச் சொல்கிறீர்கள். இதற்கு முன்னால் வந்த கடிதங்களும் "அப்பா எழுதுகிறேன்" என்றுதான் ஆரம்பித்தன. நான் எப்படி நம்புவது?

என் இடது காதின் நுனி ஏன் இல்லை? அம்மாவிடம் நாம் சொன்ன பொய் எது, உண்மையில் நடந்தது எது? இரண்டையும் எழுதுங்கள். அது நம் இருவருக்கு மட்டும்தான் தெரியும். கண்ணாடிக்குத் தெரியாது.

பதிலைப் பட்டறைக்கே அனுப்புங்கள். வீட்டுக்கு வேண்டாம். போனிலும் இதைப் பற்றிப் பேச வேண்டாம். நான் பேசும்போது அவர் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பார்.


மார்ச் 12, புதன்

அம்மாடி,

வாத்து! வாத்துதான் கடித்தது! வாத்துப் பண்ணைக்காரர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் உன்னைத் தோளிலிருந்து இறக்கிக் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தவன் நான். நீ ரொட்டியைக் காதுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாய், அது காதோடு சேர்த்து எடுத்துக்கொண்டது. வேலிக் கம்பி கிழித்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னோம். உன் அம்மா சாகும்வரை அந்த வேலிக்காரனைத் திட்டினாள். எழுதும்போதே சிரிப்பு வந்து ஒரு வரி கோணிவிட்டது பார்.

சிரித்து முடித்த பிறகு யோசனை வந்தது. படிக்கத் தெரிந்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்கிறது, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறான். யாராவது படித்துக்காட்டினால் வரி காதில் விழுந்து போய்விடும். தாளில் அது போகாமல் நிற்கிறது. "வீட்டுக்கு வேண்டாம்" என்று எழுதியிருக்கிறாய். சொந்த அப்பனிடம் அடையாளம் கேட்கிறாய். கண்ணாடிக்குத் தெரியாது என்கிறாய்.

நேற்றுக் கண்ணாடி வந்து, "தங்கச்சிகிட்டேருந்து கடுதாசி ஏதாவது வந்துச்சா மாமா?" என்று கேட்டார். உன் கடிதம் என் சட்டைப்பையில் இருந்தது. வரவில்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். சுற்றி வளைக்கத் தெரியாது, அந்த அளவுக்கு இன்னும் எழுத வரவில்லை. உன் வீட்டில் படங்களை எந்த உயரத்தில் மாட்டியிருக்கிறீர்கள்?

அப்பா


மார்ச் 18, செவ்வாய்

அப்பா,

இடுப்பு உயரத்தில்.

கூடத்தில் ஒரு மலைப் படம், படுக்கையறையில் எங்கள் கல்யாணப் படம். கல்யாணப் படத்துக்குப் பின்னால் இருப்பது என் தலை. மலைக்குப் பின்னால் அவன் கால். நான் குனிந்துவிட்டதால் சுவரில் பட்டது.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் உங்களுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். விலா எலும்பு உடைந்தபோது, மூச்சு விட்டால் குத்தும்போது, படுத்துக்கொண்டே எழுதினேன். வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று கெஞ்சினேன். பதில் வந்தது. "பெண் என்றால் அனுசரித்துத்தான் போக வேண்டும். இங்கே வந்து என் மானத்தை வாங்காதே. அதுதான் உன் வீடு." கீழே உங்கள் கட்டைவிரல் ரேகை. அந்த ரேகை எனக்குத் தெரியும், வெட்டுத் தழும்போடு இருக்கும். அன்றைக்கு நான் உங்களையும் அவன் கணக்கிலேயே சேர்த்துவிட்டேன். அதனால்தான் அதற்குப் பிறகு எப்போதும் "எல்லோரும் நலம்".

கண்ணாடி அன்றைக்கு உங்களுக்கு என்ன படித்துக்காட்டினார்? எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

அவன் குடித்துவிட்டு அடிப்பவன் இல்லை. குடித்தவன் என்றால் தூங்கிப்போவான். இவன் கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து அடிப்பான். முடியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, "சத்தம் வந்துச்சு, இன்னொண்ணு விழும்" என்பான். பக்கத்து அறையில் அத்தை தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவார். குளியலறைக் கதவிடுக்கில் என் விரலை வைத்துச் சாத்தியிருக்கிறான். தையல்காரியின் விரல் அப்பா.

முடிந்த பிறகு நான்தான் துடைப்பேன். நீங்கள் சொல்லிக்கொடுத்த மாதிரியே பச்சைத் தண்ணீர், அப்புறம் சோப்பு, அப்புறம் ஓரத்திலிருந்து நடுவுக்கு. ஒரு பொட்டுகூட விட மாட்டேன். சுத்தம் செய்பவரின் மகள் இல்லையா! ஒரு தடவை பக்கத்து வீட்டார் போலீசைக் கூப்பிட்டார்கள். வந்த போலீஸ்காரர் தரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "இவ்வளவு சுத்தமான வீட்டுல சண்டையா?" என்று சிரித்துவிட்டு அவனுக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார்.

போன வாரம் பட்டறையிலிருந்து வரத் தாமதமானது என்று சமையல் கத்தியை என் கழுத்தில் வைத்து, அழுத்தாமல், சும்மா வைத்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தான்.

உங்கள் மூன்றாம் மாடிக் கடிதத்தை நானும் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். ஒத்திகை என்ற சொல்லை.


மார்ச் 21, வெள்ளி

என் கண்ணே,

நான் அப்படிச் சொல்லவில்லை. சொல்லவே இல்லை.

கண்ணாடி அன்றைக்குப் படித்தது எனக்கு நினைவிருக்கிறது. சன்னலுக்குப் புதுத் திரை வாங்கியிருக்கிறாயாம், மாப்பிள்ளைக்குச் சம்பளம் உயர்ந்திருக்கிறதாம். நான் சந்தோஷத்தில், "இந்தப் பக்கம் ஒரு நடை வந்துட்டுப் போம்மான்னு எழுதுங்க" என்றேன். "எழுதிட்டேன் மாமா, இங்க ரேகை வைங்க" என்றார். வைத்தேன். உன் விலா உடைந்து கிடந்த செய்திக்கு நான் ஆட்களுக்கெல்லாம் டீ வாங்கிக்கொடுத்திருக்கிறேன்.

உன் கடிதத்தை வண்டியில் வைத்துப் படித்தேன். எழுத்துக்கூட்டிப் படிப்பவனுக்கு ஒரு அடியும் சட்டென்று முடிவதில்லை. ஒவ்வொரு அடியும் மெதுவாக, எழுத்து எழுத்தாக விழுகிறது. மொட்டை என் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியை ஓரம் கட்டினான். அவன் போனிலிருந்து பட்டறைக்குக் கூப்பிட்டோம். மேற்பார்வை அக்கா எடுத்தார். போனில் பேசினால் அழுதுவிடுவேன், எழுதச் சொல்லுங்கள் என்றாயாம். சரி, எழுதுகிறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை நானும் மொட்டையும் வண்டியோடு பட்டறை வாசலில் நிற்போம். அவ்வளவு தூரம் வர அதற்கு முன்னால் வண்டி கிடைக்காதாம். காலையில் வழக்கம்போல வேலைக்குக் கிளம்பு. கையில் எதையும் எடுத்துக்கொள்ளாதே, பெட்டியைப் பார்த்தால் அவனுக்குத் தெரிந்துவிடும்.

அதுவரை அவன் கை ஓங்கினால் பட்டறைக்கோ தெருவுக்கோ ஓடு. துடைக்க நிற்காதே. நீ துடைத்துத் துடைத்துத்தான் அவன் நல்லவனாக இருக்கிறான். துடைத்ததும் முழுக்கப் போய்விடாது, சுவரோரப் பட்டைக்குப் பின்னால், பலகை இணைப்புக்குக் கீழே, கதவுக் கீலுக்குள் இருக்கும். யாராவது கேட்டால் அங்கே பார்க்கச் சொல்.

கண்ணாடியிடம் வாயே திறக்க மாட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன்.

அப்பா


ஏப்ரல் 2, புதன்

அப்பா,

பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பதாக எழுதினீர்கள். கண்ணாடியின் சட்டையைப் பிடித்துத் தெருவில் இழுத்துப் போட்டீர்களாமே. அவர் முன்பல் இரண்டும் போய்விட்டதாமே. அது செவ்வாய்க்கிழமை. உங்கள் வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது.

கண்ணாடி உடனே தம்பிக்குப் போன் போட்டார். அவன் பட்டறைக்கு வரவில்லை. வீட்டில் காத்திருந்தான். நான் உள்ளே வந்ததும் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டான். கையைக் கழுவினான். "அப்பனுக்குப் படிக்கத் தெரிஞ்சிடுச்சாமே" என்றான்.

கதவுச் சட்டத்தில் என் முகத்தை மோதினான். மூக்கு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. தரையில் இழுத்துப்போனான். கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்தியபோது கண்ணுக்குள் கறுப்பு வந்தது. கை போகிற இடத்தில் துழாவினேன். இஸ்திரிப் பெட்டி கிடைத்தது, பழைய கனத்த பெட்டி. அடித்தேன். காது மேலேயே விழுந்தது. அவன் எழுந்திருக்கப் பார்த்தான். மறுபடியும் அடித்தேன். அலமாரிக் கதவில் சாய்ந்து, அதிலேயே சறுக்கிக்கொண்டு உட்கார்ந்தான். அவன் பையிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்து ஓடினேன். செருப்பில்லாமல், முகமெல்லாம் வழிய, மேற்பார்வை அக்கா வீட்டுக்கு ஓடினேன். தெருவே பார்த்தது. பார்க்கட்டும் என்று துடைக்காமல் ஓடினேன்.

போலீஸ் போனபோது அத்தை தரையைக் கழுவிக்கொண்டு இருந்தாராம். "மருமக கால் தடுக்கி விழுந்துட்டா" என்றாராம். ஆனால் அப்பா, அவர் ஊற்றியது சுடுதண்ணீர். அடுப்பில் கொதிக்க வைத்து ஊற்றியிருக்கிறார். எல்லாம் வெந்து தரையோடு பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் அதைக் கேட்டுச் சிரித்தேன், மூக்குத் தையல் பிரிந்து செவிலியிடம் திட்டு வாங்கினேன். நீங்கள் சொன்ன இடங்களையும் போலீஸ்காரம்மாவிடம் சொன்னேன். சுவரோரப் பட்டையைப் பெயர்த்துப் பார்த்தார்கள். வருஷக்கணக்கில் நான் துடைத்ததெல்லாம் அங்கே கீழே இறங்கி இருந்தது.

நான் தற்காப்புக்கு அடித்தது என்று எழுதிக்கொண்டார்கள். அவனுக்குத் தாடையும் மண்டையும் உடைந்திருக்கிறது, பிழைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரியில் காவலோடு படுத்திருக்கிறான், அங்கிருந்து நேரே சிறைக்குத்தான். உங்களை வர வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லச் சொன்னது நான்தான். நீங்கள் வந்திருந்தால் முதலில் அவன் வார்டுக்குத்தான் போயிருப்பீர்கள்.

உங்கள் மேல் கோபமா என்று தெரியவில்லை. கண்ணாடியின் பல் போனதை நினைத்தால் இனிக்கிறது. அந்த இனிப்புக்கு என் மூக்கு விலை. இரண்டையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

இப்போது அக்கா வீட்டில் இருக்கிறேன். போலீஸ் வேலை முடிந்து வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அத்தை தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். வீட்டுச் சொந்தக்காரர், "வாடகைக்கு இருந்தவங்கதான் சுத்தம் பண்ணித் தரணும்" என்கிறார். என் தையல் மெஷினும் உள்ளேதான் இருக்கிறது. அடுத்த புதன்கிழமை போய் நானே துடைத்துவிடலாம் என்று இருக்கிறேன். எனக்குத் தெரியாததா? வெந்து பிடித்ததை மட்டும் எப்படி எடுப்பது என்று எழுதுங்கள்.


ஏப்ரல் 4, வெள்ளி

தொடாதே. வாசற்படியைக்கூட மிதிக்காதே.

இந்தத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. ரத்த சொந்தம் துடைக்கக் கூடாது. எவ்வளவு கெஞ்சினாலும் விட மாட்டோம், வண்டியில் உட்கார வைத்துக் குடிக்க ஏதாவது கொடுப்போம். நீ இத்தனை வருஷம் துடைத்தது போதும்.

கண்ணாடியை நான் அடித்தது உண்மை. அன்றைக்கும் அவர் வந்து, "படிக்கட்டுமா மாமா?" என்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். அவ்வளவுதான், என் கை என்னைக் கேட்கவில்லை. அந்த அடி உன் மேல் போய் விழுந்தது. இதற்கு மேல் எழுத எனக்குத் தெரிந்த எழுத்துகள் போதவில்லை.

புதன்கிழமை ஆட்களோடு வருகிறோம். வாசலில் நில்.

அப்பா


ஏப்ரல் 13, ஞாயிறு

அன்பு மகளுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். புதன் ராத்திரி வீட்டில் நுழைந்ததும் சாப்பிடக்கூட இல்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன், இன்றைக்குத்தான் முடிக்கிறேன். வண்டியில் நீ கேட்டதற்கு அப்போது என் வாய் திறக்கவில்லை. எனக்கு இப்போதெல்லாம் வாயைவிடக் கைதான் சொன்னபடி கேட்கிறது.

நான் உடுப்பு மாட்டி, கையுறை போட்டு, சுரண்டுகத்தியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனதை நீ பார்த்தாய். மொட்டை என்ன சொன்னான் என்று உனக்குக் கேட்டிருக்காது. நெஞ்சில் கை வைத்துத் தடுத்தான். "எங்க போறீங்க?" "வேலைக்குடா." "நீங்க இன்னிக்கு வேலையாள் இல்ல, வீட்டுக்காரர். போய் உக்காருங்க." "டேய், நீ இந்தத் தொழிலுக்கு வந்தப்ப வாளி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவன் நான்." "அந்தச் சட்டத்தையும் நீங்கதான் சொல்லிக்கொடுத்தீங்க." சுரண்டுகத்தியை அவனிடமே கொடுத்தேன். வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு உள்ளேயிருந்து சத்தங்கள் வந்தன. நீ சன்னல் பக்கம் திரும்பாமலே சொல்லிக்கொண்டு வந்தாய். "அது கதவுச் சட்டம் அப்பா, மூக்கு." பலகை பெயரும் சத்தம் கேட்டபோது, "அது கூடம், விலா அங்கதான்." பட்டை உடையும்போது, "குளியலறை. விரல்." எத்தனையோ வீடுகளில் நானே அந்தச் சத்தங்களை எழுப்பியிருக்கிறேன், பாட்டு முணுமுணுத்துக்கொண்டே. வெளியே உட்கார்ந்து கேட்டது அன்றைக்குத்தான். காதைப் பொத்திக்கொள்ளலாம் போல இருந்தது. நீ சொல்லும்போது பொத்தக் கூடாது என்று இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

பிறகு நீ கேட்டாய். "ரெண்டாவது தடவ அவன அடிச்சப்ப அவன் என்னைப் பிடிச்சிருக்கல. கையை எடுத்துட்டான். அப்பவும் அடிச்சேன். அப்ப எனக்குச் சந்தோஷமா இருந்துச்சுப்பா. அது தப்பா?" நான் பேசாமல் இருந்தேன். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். தப்பு என்று நான் நினைப்பதாக எடுத்துக்கொண்டாயோ என்று வழி முழுக்க எனக்கு அதே உறுத்தல்.

அந்த நேரம் பார்த்து மொட்டை வந்து என்னைக் கூப்பிட்டானே, எதற்கு என்று உன்னிடம் சொல்லவில்லை. மெஷினைத் தூக்க ஆள் வேண்டும் என்று பொய் சொன்னான். உள்ளே எல்லாம் முடிந்திருந்தது. உன் ரத்தம் ஒரு பொட்டுகூட மிச்சமில்லை. வெந்து பிடித்த பலகைகளையும் பெயர்த்து மஞ்சள் பையில் போட்டுக் கட்டிவிட்டார்கள். படங்கள் இரண்டும் இறங்கியிருந்தன. அலமாரிக் கதவை மட்டும் தொடாமல் விட்டிருந்தார்கள். மேலிருந்து கீழாக ஒரே சறுக்கல், அத்தையின் சுடுதண்ணீர்கூட அதன் மேல் படவில்லை. மொட்டை அதைக் காட்டி, "இது யாரோடது பெரியவரே?" என்றான், தெரியாதவன் மாதிரி. "மாப்பிள்ளையோடது." "உங்களுக்கு ரத்த சொந்தமா?" "இல்ல." "அப்ப என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? சம்பளம் வாங்கலையா நீங்க?"

மகளே, பச்சைத் தண்ணீர் எடுத்தேன். ஓரத்திலிருந்து நடுவுக்கு, மெதுவாக, அவசரமே படாமல் துடைத்தேன். முதல் அடி தெறித்த இடம் எது, இரண்டாவது எது என்று எனக்குப் பார்த்தாலே தெரியும். இரண்டாவதுதான் பெரியது. அங்கே வந்ததும் கொஞ்சம் நிறுத்தி ரசித்தேன். இத்தனை வருஷத்தில் எத்தனை பேருடைய ரத்தத்தைத் துடைத்திருக்கிறேன், ஒவ்வொருவருக்காகவும் மனதுக்குள் ஒரு "பாவம்" சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அது வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. ஆட்களும் சிரித்தார்கள். நீ வெளியிலிருந்து கேட்ட சிரிப்பு அதுதான்.

எனவே உனக்குப் பதில் இது. தப்பா இல்லையா என்று எனக்குத் தெரியாது. தப்பென்றால் அதில் பாதி என்னுடையது, நானும் சந்தோஷமாகத்தான் துடைத்தேன்.

நீ என்னோடு வரவில்லை, அக்கா வீட்டிலேயே இருந்து பட்டறைக்குப் போகிறேன் என்றது சரிதான். எதிர்வீட்டில் கண்ணாடி இருக்கும்வரை இந்தத் தெரு உனக்கு வேண்டாம். என் மேல் கோபம் இருந்தால் அதையும் எழுது. நீளமாக எழுது, திட்டி எழுது, எனக்கு எழுத்துக்கூட்ட வேலை வேண்டும்.

மை தீரப்போகிறது, கடையும் மூடிவிட்டது. வரும் ஞாயிற்றுக்கிழமை புதுப் பேனாவோடு உட்காருவேன்.

உன் அப்பா